எல்லாச் சோகைக்கும் இரும்புச் சத்து மாத்திரையா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பள்ளி மாணவிகளின் இரத்தசோகை பற்றித் தங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். முருங்கைக் கீரை, பேரீச்சம்பழம், இரும்புச் சத்து மாத்திரை எல்லாம் இருந்தன. இரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளைந்துபோகும் பரம்பரை நோயான அரிவாள் செல் சோகை பற்றி ஒரு வரிகூட இல்லை. கூடலூர்ப் பகுதியில் 26 ஆண்டுகள் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்த எனக்கு மனம் ஆறவில்லை.

பணியர் பழங்குடியினர் குடியிருப்பு ஒன்றில் ஒன்பது வயதுச் சிறுமி. கீழிமையை இழுத்துப் பார்த்தால் வெளுத்திருக்கும். விழியின் வெண்மையிலோ மஞ்சள் படர்ந்திருக்கும். அந்த மஞ்சளைப் பார்த்தும் நான் யோசிக்கவில்லை. ஈராண்டுகள் இரும்புச் சத்து மாத்திரையே கொடுத்தேன். ஆடிச் சாரலில் நனைந்து வந்த ஒரு நாள், காலெலும்பு வலி தாங்காமல் கம்பளியின் நுனியைக் கடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தாள். முதலில் தூக்கிச் சென்ற மருத்துவமனையில், பள்ளிக்குப் போகாமலிருக்க நடிக்கிறாள் என்றார்கள். வேறோர் இடத்தில்தான் இரத்தத்தைச் சோதித்தார்கள். ஆய்வக நுட்பநர் என்னை மைக்ரோஸ்கோப்பில் பார்க்கச் சொன்னார். வட்டமான அணுக்களுக்கு நடுவே, இரு முனையும் கூராக, கதிர் அறுக்கும் அரிவாள்போல் சில வளைந்து கிடந்தன.

சிவப்பணுவில் ஆக்சிஜனைச் சுமக்கும் புரதம் ஹீமோகுளோபின். அதன் ஒரு பகுதியான பீட்டா சங்கிலியில் 146 அமினோ அமிலங்கள் கோத்திருக்கும். ஆறாவது இடத்தில் குளூட்டாமிக் அமிலம் இருக்க வேண்டும். இந்நோய் உள்ளவர்களுக்கு அங்கே வேலின் என்ற வேறோர் அமினோ அமிலம் இருக்கிறது. மாற்றம் அவ்வளவுதான். ஆக்சிஜனை இறக்கிவிட்டதும் இந்த ஹீமோகுளோபின் ஒன்றோடொன்று ஒட்டி நாராகத் திரண்டு, அணுவையே வளைத்துவிடுகிறது. வளைந்த அணுக்கள் நுண்குழாய்களை அடைக்கின்றன. சிறுமி கம்பளியைக் கடித்தது அந்த அடைப்பின் வலியில். 120 நாள் வாழ வேண்டிய சிவப்பணு 10, 20 நாளில் உடைகிறது. கண்ணில் தெரிந்த மஞ்சள் அந்த உடைப்பின் நிறம். இதற்கு இரும்பு என்ன செய்யும்?

நீலகிரி மலைவாழ் மக்களிடம் இது 1952லேயே கண்டறியப்பட்டது. 2023 முதல் ஒன்றிய அரசின் ஒழிப்புத் திட்டத்தில் சோதனை செய்து, முடிவைக் குறித்த அட்டை கொடுக்கிறார்கள், நல்ல காரியம். ஆனால் மாத்திரை கொடுப்பவர் அந்த அட்டையைக் கேட்க வேண்டும், அட்டை இல்லையென்றால் சோதனைக்கு அனுப்ப வேண்டும். இரும்புக் குறைவும் இதனோடு சேர்ந்தே இருக்கலாம் என்பதால், கண்ணால் பார்த்து முடிவு செய்யக் கூடாது. வலியென்று வருகிற பிள்ளையை நடிக்கிறாள் என்று யாரும் சொல்லவே கூடாது.

அந்தச் சிறுமிக்கு இப்போது 21 வயது. அணுக்கள் வளைவதைக் குறைக்கும் ஹைட்ராக்சியூரியா மாத்திரை தவறாமல் சாப்பிடுகிறாள். முன்புபோல் அடிக்கடி வலி வருவதில்லை. மழைக்காலத்தில் கம்பளிச் சட்டையும் தண்ணீர்ப் புட்டியும் இல்லாமல் வெளியே இறங்குவதில்லை. பிள்ளைகளுக்கும் இந்நோய் வரக்கூடும் என்பதால், திருமணப் பேச்சு வந்தபோது, மாப்பிள்ளைக்கும் சோதனை எடுக்க வேண்டும் என்று அவளே கேட்டிருக்கிறாள்.

இரத்தசோகை பற்றி அடுத்த முறை எழுதும்போது, அரிவாள் செல் சோதனையையும் சேர்த்து எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர்,
கூடலூர், நீலகிரி மாவட்டம்.