முத்துவுக்கு அப்பா எழுதுவது

அன்புள்ள முத்துவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு நாங்கள் நலம், உன் நலம் அறிய ஆவல். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நீ "சரிப்பா, அப்புறம் கூப்பிடறேன்" என்று முடித்துவிடுகிறாய். அந்த அப்புறம் வருவதே இல்லை. கடிதமென்றால் நான் சொல்ல நினைத்ததைக் கடைசிவரை சொல்லிவிடலாம்.

அக்கா பிள்ளைக்கு அழகர்கோவிலில் மொட்டை போட்டுக் காது குத்தியாயிற்று. உன் மடியில் உட்காரவேண்டியவனை மேலூர்ச் சித்தப்பா மகன் மடியில் உட்காரவைத்தோம். மாப்பிள்ளை ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஏதாவது பதிலாவது சொல்லியிருப்பேன். நீ அனுப்பிய பணத்தை அக்கா போனில் காட்டினாள். அத்தனை எதற்குடா? தாய்மாமன் சீருக்கு ஒரு மோதிரமும் வேட்டி துண்டும் போதும் என்று நானே அவளிடம் சொல்லிவைத்திருந்தேன். அவள் சந்தோஷப்பட்டாள், நாலு பேரிடம் காட்டினாள், அது வேறு.

மாடியில் ஒழுகுவது அப்படியேதான் இருக்கிறது. பின்வீட்டு முருங்கையை வெட்டிவிட்டார்கள். போன வாரம் யாரோ ஒருவன் என் போனில் கூப்பிட்டு உன் பெயரைச் சொன்னான். இனிஷியலைத் தப்பாகச் சொன்னான். ராங் நம்பர் என்று வைத்துவிட்டேன். அம்மா யாரென்று கேட்டாள், இன்சூரன்ஸ்காரன் என்றேன். அதை விடு.

பொங்கலுக்கு வந்தபோது நீ ஒன்று கேட்டாய், ஞாபகமிருக்கிறதா? "இத்தனை வருஷம் சேலை வித்தீங்களே, ஆளுங்க எதைப் பார்த்துப்பா வாங்குறாங்க?" என்று. அதற்குள் சித்தப்பா வந்துவிட்டார், பேச்சு மாறிவிட்டது. இப்போது சொல்கிறேன்.

சேலை நன்றாக இருந்தால் வாங்குவார்கள் என்றுதான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் நினைத்தேன். விளக்குத்தூண் பக்கம் அத்தனை கடையிலும் சேலை நன்றாகத்தான் இருந்தது. பெரிய முதலாளி எங்களுக்குச் சொன்ன முதல் பாடம், சேலையைப் பார்க்காதே, வந்திருப்பவர்களைப் பார் என்பது. கல்யாண ஜவுளிக்கு ஆறு பேர் வருவார்கள். கட்டிக்கொள்ளப் போகிறவள் பெண். பிடித்திருக்கிறது என்று சொல்லவேண்டியவர் மாப்பிள்ளையின் அம்மா. பணம் எண்ணுபவர் பெண்ணைப் பெற்றவர். 'இது வேண்டாம்' என்று ஒரே வார்த்தையில் எல்லாவற்றையும் கலைத்துவிடக்கூடியவள் ஓர் அத்தை. எல்லாக் குடும்பத்திலும் அப்படி ஓர் அத்தை இருப்பாள். நாங்கள் முதலில் தேடுவது அவளைத்தான். முதல் நாற்காலி அவளுக்கு, முதல் கலர் பாட்டில் அவளுக்கு. "நீங்க சொல்லுங்கம்மா, பொண்ணு நிறத்துக்கு அந்த அரக்கு எடுப்பா இருக்கா, இந்த மயில்கழுத்தா?" என்று அவளிடம்தான் கேட்போம். எடுக்கலாமா வேண்டாமா என்று யாரிடமும் கேட்கமாட்டோம்.

விலையும் அப்படித்தான். 10,000 ரூபாய்க்குள் பார்க்க வந்தவர்களுக்கு முதலில் 22,000 ரூபாய்ச் சேலையை விரிப்போம். வாங்கமாட்டார்கள் என்று தெரியும். அதைப் பார்த்த கண்ணுக்கு அடுத்து விரிக்கும் 12,000 ரூபாய்ச் சேலை சல்லிசாகத் தெரியும். அதே சேலையை 8,000 ரூபாய்ச் சேலைக்குப் பிறகு காட்டியிருந்தால் "அம்மாடி" என்று கையை எடுத்திருப்பார்கள். விரித்துப் போட்டுக்கொண்டே இருப்போம். ஒரு கட்டத்தில் எழுந்து போகவே கூச்சம் வந்துவிடும். "பாவம், எவ்வளவு எடுத்துப் போட்டுட்டாரு" என்று யாராவது முணுமுணுப்பது காதில் விழும். அது விழுந்துவிட்டால் பில் போட்ட மாதிரிதான்.

சேலைச் சீட்டில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு மூன்று எழுத்து கிறுக்கியிருக்குமே, சின்ன வயதில் என்னிடம் கேட்டிருக்கிறாய். அது கொள்முதல் விலை, கடைக்காரனுக்கு மட்டும் புரிகிற மாதிரி எழுத்தில் போட்டது. அதன்கீழ் ஒரு புள்ளி இருந்தால் ரொம்ப நாளாக நகராத சரக்கு. தள்ளிவிட்டால் எங்களுக்குத் தனியாகக் காசு. "எது நல்லாருக்கும், நீங்களே சொல்லுங்கண்ணே" என்று கேட்பவர்கள் கைக்கு எது போயிருக்கும், யோசித்துக்கொள். பொய் சொல்லி விற்றதில்லை. பாலியெஸ்டரைப் பட்டு என்று சொன்னதில்லை. ஆனால் எதை முன்னால் காட்டுவது என்பது என் கையில் இருந்தது. அதற்குமேல் ஒரு விற்பனையாளனுக்கு என்ன வேண்டும்?

ஆடித் தள்ளுபடியை எடுத்துக்கொள். ஆடியில் கல்யாணம் கிடையாது. விவசாயி கையில் இருப்பது விதைக்கும் உரத்துக்கும் போய்விடும். கடையில் ஈ ஓட்டுவோம். தீபாவளிச் சரக்கு வருவதற்குள் பழையது காலியாகவேண்டும், அதற்கு வைத்ததுதான் தள்ளுபடி. சேலை தேவை என்று வந்தவர்களைவிட விட்டால் போச்சு என்று வந்தவர்கள்தான் அதிகம். உன் அம்மா என் கவுன்டரில் ஒருநாளும் சேலை எடுத்ததில்லை, கோ-ஆப்டெக்ஸுக்குத்தான் போவாள். காரணம் கேட்டால் சிரிப்பாள்.

இதில் உனக்குச் சொல்லவேண்டியது ஒன்று இருக்கிறது. ஆறு பேராக வந்தால் எங்களுக்கு வியாபாரம் கஷ்டம். ஒருவராவது யோசிக்கலாம் என்பார். ஒருவர் சேலையை வாசலுக்குத் தூக்கிக்கொண்டு போய் வெயிலில் நிறம் பார்ப்பார், ட்யூப்லைட்டில் ஒரு நிறம் வெயிலில் ஒரு நிறம் அல்லவா. எங்களுக்குப் பிடித்த பார்ட்டி தனியாக வருகிறவர். அதிலும் மனசு சரியில்லாமல் வருகிறவர். வீட்டில் சண்டையோ, ஆபீசில் பேச்சு வாங்கினாரோ, முகத்திலேயே தெரியும். பத்து நிமிஷத்தில் எடுத்துவிடுவார்.

ராத்திரி ஒரு மணிக்கு உன் அறையில் போனை வைத்துக்கொண்டு நீ உட்கார்ந்திருக்கும்போது உன்னோடு எந்த அத்தையும் இல்லை. ஷட்டரும் இல்லை. எங்கள் கடையில் ஒன்பதரைக்கு ஷட்டர் இறங்கும். முடிவு பண்ணாதவர்கள் நாளைக்கு வருகிறோம் என்று போவார்கள், பாதிப்பேர் வரமாட்டார்கள். ஒரு ராத்திரி தூங்கி எழுந்தால் போதும், அந்தச் சேலை மறந்துபோகும். அதனால் சொல்கிறேன், எதை வாங்குவதானாலும் ஒரு ராத்திரி போகட்டும்.

பொங்கலுக்கு வந்தபோது புதுப் போன், போனோடு பேசுகிற கடிகாரம், காதில் அந்த வெள்ளைப் பொட்டு. பழைய போன் என்னாச்சு என்று அம்மா கேட்டதற்கு "மாத்தியாச்சும்மா" என்றாய். குறை சொல்லவில்லை, சம்பாதிக்கிற பிள்ளை வாங்கத்தான் செய்வான். ரூமில் எல்லாரிடமும் இருக்கிறது என்றாய். "உங்க தெருவிலேயே ரெண்டு வீட்டுல இந்த டிசைன் எடுத்திருக்காங்க" என்று நாங்கள் வாயால் சொன்னதை இப்போது ஆன்லைன் கடையில் நட்சத்திரம் போட்டுச் சொல்கிறார்கள். அந்த நட்சத்திரத்தில் காசு கொடுத்துப் போடவைத்தது எது என்று யார் எண்ணுவது? 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இந்த மாதிரி 13 வித்தைகளைப் பட்டியல் போட்டுத் தடைசெய்திருக்கிறது. இல்லாத அவசரத்தைக் காட்டுவது, கேட்காத பொருளைக் கூடையில் சேர்ப்பது, வேண்டாம் என்பவனைக் கூசவைப்பது, பணம் கட்டுகிற கடைசி நேரத்தில் விலையை ஏற்றுவது, இப்படி. படித்துவிட்டுச் சிரித்தேன். பாதி நாங்கள் கவுன்டரில் செய்ததுதான், எங்களுக்குத்தான் யாரும் பட்டியல் போடவில்லை.

அப்புறம் அந்த வட்டியில்லாத் தவணை. மாப்பிள்ளை ப்ரிட்ஜ் எடுத்தபோது கூடப் போய்க் கேட்டுத் தெரிந்துகொண்டேன். வட்டி இருக்கத்தான் செய்கிறது. முழுப்பணம் கொடுப்பவனுக்குக் கிடைக்கக்கூடிய தள்ளுபடியை அந்த வட்டிக்கு ஈடுகட்டிவிடுகிறார்கள். கிரெடிட் கார்டில் எடுத்தால் வட்டிமேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி, பல இடங்களில் ப்ராசஸிங் கட்டணம் வேறு. வட்டியே இல்லாத கடன் என்று ஒன்று கிடையாது என்று 2013-லேயே ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. 60,000 ரூபாய்ப் போன் என்றால் நீ யோசிப்பாய். மாதம் 5,000 என்றால் யோசிக்கமாட்டாய். 5,000 பெரிதில்லை. போனுக்கு ஒன்று, கடிகாரத்துக்கு ஒன்று, வண்டிக்கு ஒன்று, சீருக்கு ஒன்று என்று வரும்போதுதான் பெரிதாகிறது.

கார்டில் மினிமம் ட்யூ, அதாவது பில்லில் ஒரு சின்னப் பங்கு, கட்டினால் போதும் என்று ஒரு வரி இருக்குமாம். மிச்சத்துக்கு மாதம் மூன்றரை வட்டி போடுகிற கார்டெல்லாம் இருக்கிறது, வருஷத்துக்கு 42. பாக்கி நிற்கும்வரை புதிதாக வாங்குவதற்கும் அன்றைக்கே வட்டி ஓட ஆரம்பித்துவிடும். நம் தெருவில் ஒருவன் மூன்று வட்டிக்கு விட்டால் கந்துவட்டிக்காரன் என்று முகம் சுளிக்கிறோம். அதற்கென்று 2003-ல் தமிழ்நாட்டில் சட்டமே கொண்டுவந்தார்கள்.

உனக்குக் கணக்குத் தெரியாது என்று சொல்லவில்லை. பிளஸ் டூவில் கணக்கில் 200-க்கு 200 எடுத்தவன் நீ. அந்த மார்க் ஷீட்டை லேமினேட் பண்ணி கடைக்கே கொண்டுபோய்க் காட்டியவன் நான். முதல் சம்பளத்தில் அம்மாவுக்கு மிக்ஸி வாங்கப் போனோமே, மூன்று கடை ஏறி இறங்கினாய், வாட்ஸ் எத்தனை என்று கேட்டாய், வாரண்டி அட்டையில் சீல் வாங்காமல் நகரமாட்டேன் என்று நின்றாய். "யாரு பிள்ளை?" என்று கடைக்காரர் கேட்டார். எனக்கு எப்படி இருந்திருக்கும்! இன்றைக்கும் அந்த மிக்ஸிதான் ஓடுகிறது. அப்படிப்பட்ட பிள்ளை காது குத்துக்கு வராமல் பணத்தை மட்டும் அனுப்பினால் எனக்கு என்ன புரியும் சொல்.

கணக்குத் தெரிந்தவன் ஏமாறமாட்டான் என்பதெல்லாம் சும்மா. என் கவுன்டருக்கு பேங்க் மேனேஜர் வந்திருக்கிறார், கணக்கு வாத்தியார் வந்திருக்கிறார். எல்லாரும் மற்றவர்கள் மாதிரியேதான் வாங்கினார்கள். சேலைக்கு ஆசைப்பட்டு வாங்கியவர்கள் உண்டு. 'இது நமக்குக் கட்டுப்படியாகாது' என்று சம்பந்தி முன்னால் சொல்ல வாய் வராமல் வாங்கியவர்கள் அதைவிட அதிகம். அந்த அப்பாக்களை நான் கல்லாவில் பார்த்திருக்கிறேன். பில்லைப் பார்க்காமலே பணத்தை எண்ணிக் கொடுப்பார்கள். அவ்வளவு தூரம் வந்தபிறகு நாங்கள் ஒரு வித்தையும் காட்டவேண்டியதில்லை.

'கட்டுப்படியாகாது' என்ற அந்தச் சொல்லை உன் அக்காவிடம் சொல்லலாம், மாப்பிள்ளையிடம் நான் சொல்லிக்கொள்கிறேன். என்னிடம் சொல்ல உனக்கு என்ன கூச்சம்?

இன்னொன்று, இது பொதுவாகச் சொல்வது. கடன் வசூலுக்குக் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பிறகும் கூப்பிடக்கூடாது, வீட்டு ஆட்களையும் சிநேகிதர்களையும் தொந்தரவு செய்து அவமானப்படுத்தக்கூடாது என்று 2022-ல் ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டிருக்கிறது. மீறினால் கடன் கொடுத்த கம்பெனிக்கு எழுத்தில் புகார் கொடுக்கவேண்டும். 30 நாளில் சரியான பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஓம்புட்ஸ்மனுக்குப் போகலாம், செலவில்லை. உன் சிநேகிதர்கள் யாருக்காவது உபயோகப்படும். போன வாரம் என்னைக் கூப்பிட்டவன் ராத்திரி எட்டே முக்காலுக்குக் கூப்பிட்டான். இன்சூரன்ஸ்காரன்தான், இருந்தாலும் நேரத்தைக் குறித்து வைத்திருக்கிறேன்.

வாய்க்கு ருசியாகச் சாப்பிடு. ராத்திரி கண்விழிக்காதே. எதை வாங்குவதானாலும் ஒரு ராத்திரி போகட்டும் என்று மேலேயே எழுதிவிட்டேன், மறுபடியும் எழுதுகிறேன். ஒரு கடனை அடைக்க இன்னொரு ஆப்பில் வாங்குகிறார்களாமே, அதற்கு ஒரு ராத்திரி போதாது, எனக்குப் போன் பண்ணாமல் அதைச் செய்யாதே.

கடையிலிருந்து விலகும்போது வந்த பணத்தைத் தபால் ஆபீசில் போட்டிருந்தேன் இல்லையா, இந்த மாதக் கடைசியில் முதிர்கிறது. மாடித் தளம் போட வைத்திருந்தது. அடுத்த ஐப்பசி வரை மழைக்கு அவசரமில்லை. நீ ஒரு தாளில் எழுதி அனுப்பு. யாருக்கு எவ்வளவு, எத்தனை வட்டி, எந்தத் தேதிக்குக் கட்டவேண்டும். வட்டி அதிகமானதை முதலில் எழுது. சின்னதென்று எதையும் விடாதே. ஏன் வாங்கினேன் எதற்கு வாங்கினேன் என்றெல்லாம் எழுத வேண்டாம், எண்கள் போதும். வாட்ஸ்ஆப்பில் அனுப்பாதே, என் போனை உன் அம்மாதான் பார்க்கிறாள். தபாலில் அனுப்பு. கூப்பிடுவதானால் மதியம் இரண்டு மணிக்குமேல் கூப்பிடு. அந்த நேரம் அவள் தூங்குவாள், நான் மாடிக்குப் போய்ப் பேசுவேன்.

இப்படிக்கு,
அன்புள்ள அப்பா