175 நாள், 50 கட்டம்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் பெரிய நிம்மதி. ஆனால் திரையை அதிக நேரம் பார்க்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார், அதனால் கணினியில் விமானம் ஓட்டும் சிமுலேட்டரை மூட்டை கட்டி வைத்துவிட்டேன் என்று கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறாயே, அந்த இடத்தில் என் மனம் கனத்துப்போனது. பதில் தாமதமானதற்கும் அதுதான் காரணம். உன்னிடம் சொல்ல ஒரு திட்டம் இருந்தது. அரைகுறையாகச் சொல்ல விருப்பமில்லாமல், அது ஒரு வடிவத்துக்கு வரட்டும் என்று காத்திருந்தேன்.

இங்கே எல்லோரும் நலம். மகள் வேலையில் சேர்ந்துவிட்டாள். அவள் அறை காலியானதால் கணினியும் ஜாய்ஸ்டிக்கும் பெடலும் அங்கே குடியேறிவிட்டன. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

போன வருடம் நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு சிமுலேட்டரில் உலகைச் சுற்றும் ஒரு போட்டி நடத்தினேன் என்று எழுதியிருந்தேன் அல்லவா? அது எப்படி முடிந்தது என்று உனக்குச் சொல்லவே இல்லை. பதினான்கு பேர் கிளம்பினோம். ஐந்து பேர்தான் திரும்பி வந்தோம். யார் குறைந்த நேரத்தில் சுற்றி வருகிறாரோ அவருக்கு வெற்றி என்று விதி வைத்ததுதான் தவறு. வேகமான டர்போப்ராப் விமானமும் நல்ல கணினியும் வைத்திருந்தவர் முதல் வாரத்திலேயே கண்ணுக்கெட்டாத தூரம் போய்விட்டார். புதிதாகக் கற்றுக்கொண்டு வந்த நான்கு பேர் ஆறாவது கட்டத்தோடு (ஒரு முறை ஏறி இறங்குவது ஒரு கட்டம்) நின்றுவிட்டார்கள். அவர்களில் ஒருவர், “எங்கே இறங்குகிறோம் என்றுகூடப் பார்க்க நேரமில்லை” என்று எழுதினார். அந்த வார்த்தை ரொம்ப நாள் என்னை உறுத்திக்கொண்டிருந்தது. உலகத்தையே சுற்றிவிட்டு எதையும் பார்க்காமல் திரும்புவதற்கா இத்தனை ஏற்பாடு?

வேகம் குறைந்த விமானங்களுக்கு ஈடுகட்டும் புள்ளி கொடுத்துப் பார்க்கலாமா என்று முதலில் யோசித்தேன். 1934இல் லண்டனிலிருந்து மெல்பர்ன் வரை நடந்த பந்தயத்தில் அப்படி ஒரு பிரிவு இருந்தது. பயணிகளோடு பறந்த ஒரு டிசி-2 விமானம், அந்தப் பந்தயத்துக்கென்றே கட்டிய காமெட் விமானத்துக்கு அடுத்ததாக வந்து சேர்ந்து, ஈடுகட்டும் பிரிவில் முதல் பரிசையும் வாங்கியது. ஆனால் எந்த விமானத்துக்கு எத்தனை புள்ளி என்று நாங்கள் பேச ஆரம்பித்தால் போட்டி தொடங்கும் முன்பே சண்டை வந்துவிடும். அதை விட்டுவிட்டேன்.

விடை 1924இல் கிடைத்தது. அந்த வருடம்தான் முதன்முதலாக விமானத்தில் உலகைச் சுற்றினார்கள். அமெரிக்க ராணுவத்தின் நான்கு டக்ளஸ் விமானங்கள், ஒவ்வொன்றிலும் இரண்டு பேர். ஏப்ரல் 6ஆம் தேதி சியாட்டிலிலிருந்து கிளம்பி செப்டம்பர் 28ஆம் தேதி அங்கேயே திரும்பினார்கள். 175 நாள். அதில் உண்மையாகப் பறந்த நேரம் 371 மணிதான். மீதி நாளெல்லாம் பழுது பார்ப்பதிலும் மூடுபனி விலகக் காத்திருப்பதிலும் போனது. கடலில் இறங்க மிதவை மாட்டிக்கொண்டு வந்தவர்கள், கல்கத்தாவில் அதைக் கழற்றிவிட்டுச் சக்கரம் பொருத்தினார்கள். இங்கிலாந்து போனதும் மறுபடியும் மிதவை. இதைப் படித்துக்கொண்டிருந்தபோது 175 என்ற எண்ணில் என் கண் நின்றது. 25 வாரம். வாரத்துக்கு இரண்டு கட்டம் என்றால் 50 கட்டம். செஸ்னா 172 என்ற சிறிய ஒற்றை எஞ்சின் விமானம் ஒரே மூச்சில் நிம்மதியாகப் பறக்கக்கூடிய தூரத்தில் அவர்கள் பாதையை வெட்டிப் பார்த்தேன். கிட்டத்தட்ட 50 கட்டம்தான் வருகிறது! அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

ஆகவே எல்லோருக்கும் ஒரே விமானம், செஸ்னா 172. மைக்ரோசாஃப்ட், எக்ஸ்-பிளேன், ஃபிளைட்கியர் என்று யார் எந்த சிமுலேட்டரை வைத்திருந்தாலும் அதில் இந்த விமானம் இருக்கும். ஃபிளைட்கியரை வாங்கக்கூட வேண்டாம், இலவசம். பழைய கணினியிலும் ஓடும். ஆனால் அதில் வருவது 160 குதிரைத்திறன் கொண்ட பழைய மாடல். மைக்ரோசாஃப்டில் இருப்பது 180. அப்போது வேகம் மாறுமே என்பாய். மாறட்டும். நான் வேகத்துக்குப் புள்ளி வைக்கவே இல்லை.

இதுதான் திட்டத்தின் உயிர். ஒவ்வொரு கட்டத்துக்கும் கிளம்பும் முன்பே இரண்டு எண்களை எழுதிக் கொடுத்துவிட வேண்டும்: சக்கரம் தரையை விட்டு எழுவதிலிருந்து மறுபடியும் தரையைத் தொடும் வரை எத்தனை நிமிடம், இறங்கியபின் டாங்கில் எத்தனை லிட்டர் மிச்சம். கொடுத்தபின் மாற்ற முடியாது. ஒரு நிமிடம் தப்பினால் ஒரு புள்ளி போகும், ஒரு லிட்டர் தப்பினாலும் ஒரு புள்ளி. சொன்ன சொல்லுக்கு மிக அருகில் வந்து நிற்பவருக்கே வெற்றி. கடைசி நேரத்தில் த்ராட்டிலை, அதாவது எஞ்சின் விசையை, கூட்டிக் குறைத்து நேரத்தைச் சரிக்கட்டிவிடலாமே என்று ஒருவர் கேட்டார். செய்து பாருங்கள் என்றேன். நேரத்தைப் பிடித்தால் எரிபொருள் கணக்கு காட்டிக்கொடுத்துவிடும். இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்கின்றன. இந்த விதியை யோசித்து முடித்தபோது எனக்கு வந்த சந்தோஷத்தை உன்னிடம்தான் சொல்ல முடியும்.

திசை பற்றி ஒரு வார்த்தை. 1924இல் அவர்கள் மேற்கே போனார்கள். நான் பாதையைத் திருப்பிப் போட்டு, கிழக்கே போவதாக வைத்திருக்கிறேன். காரணம் காற்று. நாம் போகும் வடக்கு அட்சரேகைகளில் உயரத்தில் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்துதான் வீசும். ரஷ்யாவின் கிழக்கே கம்சட்காவில் உள்ள பெட்ரோபாவ்லோவ்ஸ்க்குக்கும் அலாஸ்காவின் அலூஷியன் தீவு வரிசையின் நுனியில் இருக்கும் அட்டு தீவுக்கும் இடையே ஆயிரம் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, சுமார் 520 கடல் மைல். நடுவில் பெரும்பாலும் கடல்தான். நம் விமானம் 120 நாட் (மணிக்கு 120 கடல் மைல்) வேகம் போகும். 30 நாட் எதிர்க்காற்று அடித்தால் ஐந்தே முக்கால் மணி நேரம் ஆகும். டாங்க் கிட்டத்தட்ட வறண்டுவிடும். அதே 30 நாட் முதுகில் தள்ளினால் மூன்றரை மணி நேரத்தில் கரை சேரலாம். கடல் தாண்டி விமானங்களைக் கொண்டுபோய்ச் சேர்ப்பவர்கள் கேபினுக்குள் கூடுதல் டாங்க் வைத்துக்கொள்வார்கள். சிறிய டாங்க் உள்ளவர்களுக்கு நானும் அதை அனுமதித்திருக்கிறேன். அந்த எடையையும் ஏற்றிக்கொண்டுதான் பறக்க வேண்டும்.

அட்லாண்டிக் பக்கம் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. லாப்ரடாரிலிருந்து நேரே கிரீன்லாந்தின் தென்முனைக்குப் போவது நமக்குத் தூரம் அதிகம். அதனால் வடக்கே ஏறி கனடாவின் இக்காலுயிட் போய், அங்கிருந்து கிரீன்லாந்தின் மேற்குக் கரையில் நூக், அப்புறம் பனிப்பாளத்தைக் குறுக்கே தாண்டிக் கிழக்குக் கரையில் குலுசுக். இந்த ஒரு கட்டத்துக்காகவே போட்டி நடத்தலாம். கீழே பனி மட்டுமே சுமார் 2,500 மீட்டர் உயரத்துக்கு எழுந்து நிற்கும். மேகமும் வெள்ளை, தரையும் வெள்ளை. எது எங்கே முடிகிறது என்று தெரியாது. விமானத்தின் சாய்வைக் காட்டும் செயற்கை அடிவானக் கருவியை மட்டும் நம்பி இரண்டு மணி நேரம் உட்கார வேண்டும். முடிவில் குலுசுக்கில் 1,200 மீட்டர் சரளைக்கல் ஓடுபாதை. அதற்குப் பிறகு ரெய்க்யவிக், ஃபாரோ தீவுகள், ஆர்க்னி என்று ஒவ்வொரு தாவலாக ஐரோப்பா வந்துவிடும். ஜூலையில் வங்காள விரிகுடா ஓரமாகப் போகும்போது பருவமழை உச்சத்தில் இருக்கும். அங்கே கணக்குகள் எல்லாருக்கும் சிதறும் என்று நினைக்கிறேன்.

இறங்குவதற்கும் புள்ளி உண்டு. போன முறை லேண்டிங் ரேட்டை, அதாவது தரையைத் தொடும்போது கீழிறங்கும் வேகத்தை, மட்டும் பார்த்தோம். மெத்தென்று தொட வேண்டும் என்று பாதி ஓடுபாதை வரை மிதந்துகொண்டே போனார்கள். அதனால் இந்த முறை நிமிடத்துக்கு 300 அடிக்குள் இறங்கினால் போதும், அதற்கு மேல் மென்மைக்குப் பரிசு இல்லை. ஓடுபாதையின் முதல் மூன்றில் ஒரு பங்குக்குள் தொட்டிருக்கிறாரா என்று பார்ப்போம்.

விழுந்துவிட்டால் என்ன செய்வது என்பதில்தான் அதிக விவாதம் நடந்தது. வெளியேற்றிவிட வேண்டும் என்று இரண்டு பேர் பிடிவாதமாக நின்றார்கள். நான் அவர்களிடம் ‘பாஸ்டன்’ விமானத்தின் கதையைச் சொன்னேன். 1924இன் நான்கு விமானங்களில் ‘சியாட்டில்’ அலாஸ்கா மூடுபனியில் மலையில் மோதியது. அதிலிருந்த இருவரும் உயிர் தப்பிப் பத்து நாள் பனியில் நடந்து கரை சேர்ந்தார்கள். ‘பாஸ்டன்’ ஆர்க்னிக்கும் ஐஸ்லாந்துக்கும் நடுவே எண்ணெய் பம்ப் பழுதாகிக் கடலில் இறங்கியது. கப்பலில் கட்டி இழுத்தபோது கவிழ்ந்தும் போனது. ஆனால் கதை அதோடு முடியவில்லை. முன்மாதிரியாகக் கட்டிய விமானத்தை நோவா ஸ்கோஷியாவுக்குக் கொண்டுவந்து ‘பாஸ்டன் 2’ என்று பெயர் வைத்தார்கள். அதே இருவர் அதில் ஏறி, மற்ற இரண்டு விமானங்களோடு சேர்ந்து சியாட்டில் வரை பறந்தார்கள். அதைக் கேட்டபின் யாரும் மறுத்துப் பேசவில்லை. விழுந்தவர் 60 புள்ளி இழப்போடு அடுத்த கட்டத்தில் புது விமானத்தில் சேர்ந்துகொள்ளலாம். அந்த விமானத்தின் பெயருக்குப் பின்னால் 2 என்று போட்டுக்கொள்ள வேண்டும்.

தேதி விஷயமும் ஒன்று இருக்கிறது. போன முறை ஒருவர் 14ஆம் தேதி காலை கம்சட்காவில் கிளம்பி, 13ஆம் தேதி சாயங்காலம் அட்டுவில் இறங்கியதாகப் பதிவு அனுப்பினார். பொய் சொல்கிறார் என்று ஒரு பெரிய மனஸ்தாபமே வந்துவிட்டது. அவர் எழுதியது சரிதான். தேதிக்கோட்டைக் கிழக்கே தாண்டினால் ஒரு நாள் திரும்பக் கிடைக்கும். உலகை முதன்முதலாகச் சுற்றிய மெகல்லனின் பயணத்தில் மிஞ்சியவர்கள் 1522இல் கேப் வெர்ட் தீவுகளில் நின்றபோது அவர்கள் கணக்கில் புதன்கிழமை, கரையில் வியாழக்கிழமை. மேற்கே சுற்றி வந்ததில் ஒரு நாள் தொலைந்திருந்தது. இந்த முறை எல்லாப் பதிவும் உலகம் முழுவதற்கும் பொதுவான யூடிசி நேரத்தில்தான். அந்த நண்பரிடம் நானே போய் மன்னிப்புக் கேட்டேன்.

இனி உன்னைப் பற்றி. ஒவ்வொரு விமானத்திலும் இரண்டு பேர் என்று விதி வைத்திருக்கிறேன், 1924இல் இருந்த மாதிரி. ஒருவர் ஓட்டுவார். மற்றவர் நேவிகேட்டர்: பாதை, காற்று, எரிபொருள் எல்லாம் அவர் கணக்கு. நேரத்தை எழுதிக் கொடுப்பவரும் அவரே. 1931இல் வைலி போஸ்ட் எட்டே முக்கால் நாளுக்குள் உலகைச் சுற்றினார் என்றால் பின்னால் ஹரோல்ட் கேட்டி என்பவர் உட்கார்ந்து வழி சொன்னார். நம் இருவருக்கும் ஒரே கணினி இருந்த காலத்தில் நீ தரையில் வரைபடத்தை விரித்துவைத்துப் பென்சிலால் கோடு போடுவாய், நான் ஓட்டுவேன். “இன்னும் நான்கு நிமிடத்தில் இடது பக்கம் ஏரி வரும்” என்பாய். வரும். அந்தத் துல்லியம் எனக்கு இன்றுவரை கைவரவில்லை. இந்தப் போட்டியில் புள்ளி முழுக்க அந்த வேலைக்குத்தான்.

இதற்குத் திரை வேண்டாம். காகிதம், அளவுகோல், பென்சில் போதும். வானிலையை நான் தொலைபேசியில் படித்துச் சொல்கிறேன். நீ கணக்கைச் சொன்னால் அதை அப்படியே எழுதிக் கொடுத்துவிட்டுப் பறக்கிறேன். இறங்கியதும் முதல் அழைப்பு உனக்கு. விதிகளை உன்னை மனத்தில் வைத்து வளைத்தேனா என்று கேட்டால், ஆமாம், அந்த இரண்டு எண்களையும் யோசித்தபோது உன் நினைவும் இருந்தது. ஆனால் மற்றவர்களிடம் வைத்தபோது அவர்களும் ஒரு மனதாக ஏற்றுக்கொண்டார்கள். ஓட்டத் தெரியாத இரண்டு பேர்கூட நேவிகேட்டராகச் சேர்ந்திருக்கிறார்கள்.

ஏப்ரல் 6ஆம் தேதி தொடக்கம். முதல் கட்டம் சியாட்டிலிலிருந்து அதற்குக் கிழக்கே மொன்டானாவில் இருக்கும் மிசூலா, சுமார் 335 கடல் மைல், நடுவில் காஸ்கேட் மலைத்தொடர். 9,500 அடியில் போகலாம் என்று நினைக்கிறேன், நீ வேறு சொன்னால் அதுவே. காற்றே இல்லை என்று வைத்து ஒரு கணக்கும், மேற்கிலிருந்து 20 நாட் என்று ஒரு கணக்கும் போட்டு அனுப்பு. ஏறுவதற்கு ஆகும் நேரத்தை மறக்காதே. நானும் போட்டுவைத்திருக்கிறேன். ஆனால் இங்கே எழுதவில்லை. எழுதினால் நீ அதைச் சுற்றியே யோசிப்பாய்.

கண்ணைப் பார்த்துக்கொள். மருந்து போடும் நேரத்தைத் தவறவிடாதே.

அன்புடன்,
உன் நண்பன்