சர்வர் வேறு, டூயல் பூட் வேறு

அன்பு சரவணா,

உன் கடிதம் கிடைத்தது. பிள்ளைகள் மாமா வீட்டுப் பிள்ளைகளோடு சேர்ந்து மைன்கிராஃப்ட் ஆட ஒரு சர்வர் (எல்லோரும் சேரும் உலகை ஓட்டிக்கொண்டிருக்கும் கணினி) வேண்டும், விண்டோஸ் இருக்கும் கணினியிலேயே உபுண்டு என்ற லினக்ஸையும் போட்டு (இதுதான் டூயல் பூட்) ஓட்டிவிடலாமா என்று கேட்டிருந்தாய். இரண்டும் செய்யலாம்; ஒரே பெட்டியில் மட்டும் வேண்டாம். கணக்கு வேலைக்காக நீ விண்டோஸுக்குப் போன நிமிடமே சர்வர் படுத்துவிடும். பரணில் கிடக்கும் அந்த 8 ஜிபி ராம் லேப்டாப்பை இறக்கு. பேட்டரிக்கு உயிர் இருந்தால் தனியாக யுபிஎஸ்கூட வேண்டாம். உப்பியிருந்தால் முதலில் அதைக் கழற்றிவிடு.

பென்டிரைவிலிருந்து ஆரம்பி. ஒவ்வொரு ஐஎஸ்ஓவுக்கும் (பூட் செய்யும் டிஸ்க்கின் நகல் கோப்பு) அழித்து அழித்து எழுத வேண்டியதில்லை. 32 ஜிபி பென்டிரைவில் வென்டாய் என்ற மென்பொருளை ஒரே தடவை நிறுவு (உள்ளே இருப்பதெல்லாம் போய்விடும்). அப்புறம் ஐஎஸ்ஓ கோப்புகளைச் சும்மா காப்பி செய்தால் போதும், பூட் ஆகும்போது பட்டியல் காட்டும். விண்டோஸ், உபுண்டு சர்வர், குளோன்ஸில்லா (டிஸ்க்கை நகலெடுக்க), மெம்டெஸ்ட் (ராமைச் சோதிக்க) நான்கும் கிடக்கட்டும். காப்பி முடிந்ததாகக் காட்டியவுடன் பிடுங்காதே, எஜெக்ட் கொடுத்துவிட்டு எடு. பாதி எழுதிய ஐஎஸ்ஓ பட்டியலில் ஒழுங்காகத் தெரியும், நிறுவும்போதுதான் நடுவில் கழுத்தறுக்கும். செக்யூர் பூட் (நம்பகமானதை மட்டும் பூட் ஆகவிடும் பாதுகாப்பு) இருந்தால் முதல் தடவை நீலத் திரை வரும். பயப்படாமல் 'என்ரோல் கீ ஃப்ரம் டிஸ்க்' போய், வென்டாயின் சின்ன பார்ட்டிஷனில் உள்ள சாவிக் கோப்பைத் தேர்ந்தெடு.

உன் கணினியில் டூயல் பூட்டும் வேண்டும் என்றால், டிஸ்க்கைத் தொடுவதற்கு முன் பிட்லாக்கரின் (விண்டோஸின் டிஸ்க் பூட்டு) 48 இலக்க மீட்புச் சாவியைத் தாளில் எழுதி வை. விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணை. அது இருந்தால் ஷட்டவுன் உண்மையில் பாதித் தூக்கம்தான். லினக்ஸ் அந்த டிரைவைப் படிக்க மட்டும் விடும், எழுத விடாது. விண்டோஸ் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் போனால் மதர்போர்டு பேட்டரி வாங்க ஓடாதே. லினக்ஸ் வன்பொருள் கடிகாரத்தில் உலக நேரத்தை எழுதுகிறது, விண்டோஸ் அதை உள்ளூர் நேரம் என்று படிக்கிறது, அவ்வளவுதான். டைம்டேட்சிடிஎல் கட்டளையில் லோக்கல் ஆர்டிசியை 1 ஆக்கினால் சரியாகிவிடும். பூட் மெனு காட்டும் க்ரப்பில் 2.06 முதல் ஓஎஸ்-ப்ரோபர் (மற்ற இயங்குதளங்களைத் தேடும் நிரல்) அணைந்தே வருகிறது. மெனுவில் விண்டோஸைக் காணோம் என்றால் அதைத்தான் முதலில் பார்.

இனி சர்வர். பேப்பர் என்ற மைன்கிராஃப்ட் சர்வர் மென்பொருளை எடுத்துக்கொள். மைன்கிராஃப்ட் 1.20.5 என்றால் ஜாவா 21 வேண்டும். பழைய ஜாவாவில் கிளம்பவே கிளம்பாது. முதல் ஓட்டத்தில் இயுலா (உரிம ஒப்பந்தம்) கோப்பை மட்டும் எழுதிவிட்டு நின்றுவிடும். அதில் ஃபால்ஸை ட்ரூ ஆக்கு. 8 ஜிபியில் ஜாவாவுக்கு 4 போதும். 7 கொடுத்தால் வேகம் கூடாது, சிஸ்டம்தான் திணறும். தடுமாறினால் வியூ டிஸ்டன்ஸை (எவ்வளவு தூரம் வரை உலகம் தெரியும் என்பது) 10லிருந்து 6க்கு இறக்கிப் பார், ராம் கூட்டுவதைவிட அதில்தான் பலன் அதிகம். வைஃபை வேண்டாம், ரூட்டரிலிருந்து லான் கேபிள் இழு. மூடியைச் சாத்தினால் லேப்டாப் தூங்கிவிடும். லாகின்டி (மூடி, பவர் பட்டனைக் கவனிக்கும் லினக்ஸ் சேவை) அமைப்புக் கோப்பில் 'ஹேண்டில் லிட் ஸ்விட்ச்' வரியை இக்னோர் ஆக்கு. டெர்மினலில் கையால் கிளப்பாமல் சிஸ்டம்டி (லினக்ஸில் சேவைகளைத் தானாகக் கிளப்புவது) சர்வீஸாகப் போடு. நிறுத்தும்போது 143 என்று காட்டி 'ஃபெயில்ட்' என்று சொல்லும். உலகம் சேமிக்கப்பட்டுத்தான் இருக்கும். 143ஐ வெற்றிக் குறியீடாகச் சேர்த்துவிட்டால் போதும்.

நிறைய பேர் முட்டிக்கொள்ளும் இடம் இணைப்பு. ரூட்டர் பக்கத்தில் வேன் ஐபியைப் (இணைய நிறுவனம் உன் ரூட்டருக்குத் தரும் முகவரி) பார். 100.64 முதல் 100.127க்குள் இருந்தால் நீ ஒரே பொது முகவரிக்குப் பின்னால் ஊரோடு வரிசையில் நிற்கிறாய். மைன்கிராஃப்டின் 25565 போர்ட்டை ஆயிரம் தடவை ஃபார்வர்டு செய்தாலும் ஒருவரும் உள்ளே வர முடியாது. டெயில்ஸ்கேல் (கருவிகளைத் தனி வலையாக இணைப்பது) போடலாம், ஆனால் ஒவ்வொரு பிள்ளையின் கருவியிலும் நிறுவ வேண்டும். அது தரும் முகவரியும் அதே 100 வரிசைதான், குழம்பாதே. ப்ளேஇட் (வெளியிலிருந்து சர்வருக்கு டனல், அதாவது சுரங்கப் பாதை போடும் சேவை) என்றால் சர்வரில் மட்டும் நிறுவினால் போதும், ஆனால் எல்லாம் அவர்கள் வழியாகச் சுற்றி வருவதால் கொஞ்சம் தாமதம். பிள்ளைகளுக்கு ப்ளேஇட்டே போதும் என்பேன்.

மாமா வீட்டில் ஃபோனில்தானே ஆடுகிறார்கள்? அது பெட்ராக் பதிப்பு, நாம் போடும் ஜாவா பதிப்பு சர்வரில் நேராகச் சேராது. கெய்சர் (பெட்ராக்கை ஜாவா சர்வரோடு பேச வைப்பது), ஃப்ளட்கேட் (ஜாவா கணக்கு இல்லாமல் உள்ளே விடுவது) இரண்டு ப்ளகின்னும் போடு. அதற்குப் போர்ட் 19132, அதுவும் யுடிபி வகை. டனலிலும் யுடிபி என்றே தேர்ந்தெடு. ஃப்ளட்கேட் வழியாக வருபவர் பெயருக்கு முன்னால் ஒரு புள்ளி ஒட்டிக்கொள்ளும். ஒயிட்லிஸ்ட்டில் (அனுமதிப் பட்டியல்) அந்தப் புள்ளியை விட்டுவிட்டுத்தான் 'உள்ளே விடவில்லை' என்று பலர் புலம்புகிறார்கள். ஆன்லைன் மோடை (வருபவரின் கணக்கைச் சரிபார்ப்பது) மட்டும் எக்காரணம் கொண்டும் அணைக்காதே. அணைத்தால் யார் வேண்டுமானாலும் உன் பெயரிலேயே நுழைந்து அட்மின் ஆகலாம்.

பேக்கப் எடுக்கும்போது சர்வர் கன்சோலில் 'சேவ்-ஆஃப்', 'சேவ்-ஆல்', பிறகு உலகக் கோப்புறையைக் காப்பி, கடைசியில் 'சேவ்-ஆன்'. ஓடிக்கொண்டிருக்கும்போது அப்படியே காப்பி செய்தால் பாதி எழுதிய கோப்பு சிக்கும். பதிப்பை ஏற்றும் முன் கட்டாயம் எடு, பழைய பதிப்புக்கு இறங்க வழி கிடையாது.

லேப்டாப்பின் மாடல் எண்ணையும், உள்ளே இருப்பது ஹார்டு டிஸ்க்கா எஸ்எஸ்டியா என்பதையும் எழுது. ஹார்டு டிஸ்க் என்றால் ராமுக்குச் செலவழிக்கும் முன் அதைத்தான் மாற்ற வேண்டியிருக்கும்.

அன்புடன்,
குமார்