ராத்திரி நம்பரையும் போர்டுல போடுங்க: ஆலை நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆலை நிர்வாகத்தாருக்கு வணக்கம்.

நாங்க யாருன்னு உங்களுக்குத் தெரியும், மதில் சுவருக்கு இந்தப் பக்கம் இருக்கிறவங்க. எத்தனை மனு குடுத்தோம்னும் தெரியும், அதனால பழைய கதையை மறுபடி ஆரம்பிக்கல. ஜூன் 5, சுற்றுச்சூழல் தினம்னு வீட்டுக்கு ஒரு மரக்கன்னு குடுத்து போட்டோ எடுத்துக்கிட்டீங்க, சந்தோஷம். அன்னிக்கு ராத்திரியே புகையைத் திறந்து விட்டாச்சு. காலையில பார்த்தா இலை பூராவும் கரி, நீங்க குடுத்த கன்னுக்கு நீங்களே திருஷ்டிப் பொட்டு வெச்ச மாதிரி.

கொடியில காயுற துணி மேல கரித்தூள் விழுந்தா கையால தட்டக்கூடாதுங்க. தட்டினா கோடு இழுத்துடும், அப்புறம் எத்தனை தடவை துவைச்சாலும் போகாது. மெதுவா வாயால ஊதணும். எங்க பொண்ணு யூனிஃபார்ம் சட்டையை ரெண்டு கையிலயும் ஏந்திப் பிடிச்சு ஃபூ ஃபூன்னு ஊதுவா, யாரும் சொல்லித் தரல, எங்களைப் பார்த்தே கத்துக்கிட்டா. அதே பொண்ணு ராத்திரி ரெண்டு மணிக்கு இருமி எழுந்து உக்காருவா, ஜன்னலைச் சாத்தினா புழுக்கம், திறந்தா புகை. சட்டையில விழுந்ததை ஊதிடலாம், நெஞ்சுக்குள்ள போனதை எப்படி ஊதுறது?

கண்ணுக்குத் தெரியுற கரியை விட தெரியாத தூள்தான் ஆபத்து, பிஎம் 2.5, நுரையீரல் அடி வரைக்கும் போகும்னு உங்க இன்ஜினியரே சொன்னார். தூளுக்கு மின்சாரம் ஏத்தி தகட்டுல ஒட்ட வைக்கிற மெஷின் இருக்கு, ஓடினா கிட்டத்தட்ட எல்லாத்தையும் பிடிச்சுடும்னார். சரி, ஓடினா. பகல்ல இருக்கிற இடமே தெரியாத புகை ராத்திரி உங்க லைட் வெளிச்சத்துலயே திரள் திரளா வருதே, மெஷினுக்குத் தூக்கம் வருதா இல்ல கரண்ட் பில் கட்ட மனசு வரலையா?

நாங்க கேக்குறது ஒண்ணுதான். புகைபோக்கியில இருக்கிற மீட்டர் காட்டுற அளவை வாசல் போர்டுல போடுங்க, ராத்திரி அளவையும் சேர்த்து. சராசரி வேண்டாம், மணிக்கு மணி போடுங்க, பகலோட கலந்து சராசரி எடுத்தா ராத்திரி காணாமப் போயிடும். காத்துல பிஎம் 2.5 ஒரு நாளைக்குக் கன மீட்டருக்கு 15 மைக்ரோகிராமுக்கு மேல போகக்கூடாதுன்னு உலக சுகாதார நிறுவனம் 2021ல சொல்லுச்சு, எங்க தெருவுல எவ்வளவுன்னு அளந்து பார்க்கக்கூட ஆளில்ல.

மெஷின் வெச்சுட்டோம்னு மட்டும் சொல்லாதீங்க. ஜப்பான்ல மினமாட்டாவுல 1959ல சிஸ்ஸோ கம்பெனியும் கழிவுநீரைச் சுத்தம் பண்ற மெஷின்னு ஒண்ணு வெச்சாங்க, திறப்பு விழாவுல தலைவரே ஒரு கிளாஸ் தண்ணி குடிச்சுக் காட்டினார், பாதரசம் கலந்த தண்ணி அந்த மெஷின் வழியா போகவே இல்ல. கடல்ல கலந்த அந்தப் பாதரசக் கழிவை நிறுத்தினது 1968ல. அதுவரைக்கும் அந்த விஷம் ஏறின மீனைச் சாப்பிட்டவங்க சாப்பிட்டுக்கிட்டேதான் இருந்தாங்க.

கோவத்துல கொஞ்சம் நீட்டிட்டேன், மன்னிச்சுக்கோங்க. உங்க ஆலையை மூடச் சொல்லல, எங்க தெருவுலயே பாதிப் பேர் அங்கதான் வேலை பார்க்கிறாங்க. ராத்திரி நம்பரைப் போர்டுல போடுங்கன்னுதான் தாழ்மையோட கேட்டுக்கிறோம். எழுத ஆள் இல்லன்னா சொல்லுங்க, சாக்பீஸோட நாங்களே வர்றோம்.

இப்படிக்கு,
மதிலுக்கு இந்தப் பக்கத்துல இருந்து