கையெழுத்துக்கு முன் ஒரு நாள் கொடுங்கள்

மதிப்பிற்குரிய மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம். தனியார் மருத்துவமனைகளில், இதய ரத்தக் குழாய் அடைப்பைப் படமெடுத்துப் பார்க்கும் ஆஞ்சியோ அறை வாசலில் என்ன நடக்கிறது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. எங்கள் வீட்டுக்கு நேர்ந்ததை மட்டும் சொல்கிறேன்.

அப்பாவுக்கு வயது 66. மாம்பலம் ரயில் நிலையப் படி ஏறினால் நெஞ்சை அடைக்கும், நின்றால் விட்டுவிடும். மாதக்கணக்காக இப்படித்தான், மாரடைப்பு வந்ததில்லை. போன மாதம் ஆஞ்சியோ எடுக்கப் போனோம். நான் பணம் கட்டக் கீழே இறங்கிய நேரத்தில் ஓர் ஊழியர் அம்மாவிடம் வந்திருக்கிறார். "ரெண்டு அடைப்பு இருக்கும்மா. சார் டேபிள்லதான் இருக்கார். இப்பவே ஸ்டென்ட் வெச்சிடலாம், இல்லன்னா மறுபடி முதல்லேருந்து செய்யணும்." ஸ்டென்ட் என்பது அடைத்த குழாயைத் திறந்து வைக்கும் சிறு வலைக்குழாய். சம்மதப் படிவம் முழுக்க ஆங்கிலம். அதன் அடியில் அம்மா தமிழில் கையெழுத்துப் போட்டார். நான் மேலே வந்தபோது கதவு சாத்தியிருந்தது. அப்பா உள்ளே முழு நினைவோடு படுத்திருந்தார். அவரை யாரும் கேட்கவில்லை.

அன்று இரவு அம்மா என்னிடம் கேட்டார்: "நான் வேண்டாம்னு சொல்லியிருந்தா அப்பாவுக்கு ஏதாவது ஆயிருக்குமா?" இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறார்.

மாரடைப்பில் துடிப்பவருக்கு அடைப்பை உடனே திறக்கத்தான் வேண்டும். இதயத்தின் இடப்பக்கத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாயான இடது முதன்மைத் தமனி அடைத்திருந்தாலும் பேச்சு வேறு. அப்பாவுக்கு இரண்டும் இல்லை. அவரைப் போல நிலையாக இருக்கும் நோயாளிகள் 5,179 பேரிடம், இந்தியா உட்பட 37 நாடுகளில் நடந்த இஸ்கீமியா ஆய்வு 2020-இல் வெளியானது. மருந்தோடு ஸ்டென்ட்டோ பைபாஸோ செய்துகொண்டவர்களுக்கும், மருந்தை மட்டும் கொண்டு தொடங்கியவர்களுக்கும் இறப்பிலோ மாரடைப்பிலோ குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. நெஞ்சுவலி குறைந்ததில் முதல் தரப்புக்குக் கூடுதல் பலன். வலி போனால் போதுமென்று அப்பாவே ஸ்டென்ட் கேட்டிருக்கலாம். மாத்திரையில் மூன்று மாதம் பார்ப்போம் என்றும் சொல்லியிருக்கலாம். சொல்ல வேண்டியவர் அவர்.

பரிசோதனைக்குத் தந்த சம்மதம் சிகிச்சைக்கான சம்மதம் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2008-லேயே தீர்ப்பளித்துவிட்டது. அந்த வழக்கிலும், மயக்கத்திலிருந்த மகளுக்காகச் சம்மதம் தந்தவர் ஓர் அம்மாதான். அது செல்லாது என்றது நீதிமன்றம்.

கேட்ட 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களைத் தர வேண்டும் என்பது விதி. ஆஞ்சியோ படங்கள் பதிந்த சிடிக்காக (குறுந்தகடு) நாங்கள் ஒன்பது நாள் அலைந்தோம். 2017-இல் ஸ்டென்ட்டுக்கு மத்திய அரசு உச்ச விலை வைத்தது; எங்கள் பில்லில் ஸ்டென்ட் ஒரு வரி, மற்றவை இரண்டு பக்கம். யார் கேட்பது இதையெல்லாம்? கோபத்தில் எங்கோ போய்விட்டேன், மன்னியுங்கள்.

நான் கேட்பது ஒன்றுதான். அவசரமில்லாத நோயாளிக்கு, ஆஞ்சியோ முடிந்ததும் சிடியையும் அறிக்கையையும் கையில் கொடுத்து, ஒரு நாளாவது அவகாசம் தர வேண்டும். ஒரே தடவையில் முடித்துக்கொள்ள விரும்புகிறவரிடம் முதல் நாளே பேசி எழுதி வாங்கட்டும். மருந்து, ஸ்டென்ட், பைபாஸ் மூன்றின் நன்மை தீமையும் படிவத்தில் தமிழில் இருக்கட்டும். இதைச் சென்னையின் எல்லா மருத்துவமனைகளுக்கும் உத்தரவாகவே அனுப்புமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். ஒரே ஒரு நாள், ஐயா.

இப்படிக்கு,
ஒரு மகள்,
மேற்கு மாம்பலம், சென்னை