நோட்டீஸ் அச்சுக்குப் போகுமுன்: விழாக் கமிட்டியாருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய விழாக் கமிட்டிப் பெரியவர்களுக்கும், கச்சேரிப் பொறுப்பை ஏற்றிருக்கும் தம்பிமார்களுக்கும் வணக்கம்.

இந்த வருசத்து அம்மன் திருவிழா நோட்டீசின் மாதிரியை நேற்று டீக்கடையில் பார்த்தேன். காப்புக் கட்டு, முளைப்பாரி, மாவிளக்கு எல்லாம் வழக்கம்போல இருக்கின்றன. மூன்றாம் நாள் இரவு பாட்டுக் கச்சேரிக்குக் கீழே மட்டும் புதிதாக ஒரு வரி சேர்ந்திருக்கிறது: ‘இசைஞானி பாடல்கள் மட்டுமே. வெளி மாநிலக் குழுவினருக்கு இடமில்லை.’ அந்த ஒரு வரிக்காகத்தான் எழுதுகிறேன்.

போன வருசம் நடந்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும். கட்டப்பனைப் பக்கத்திலிருந்து வந்த குழு அது. பாடிய பெண்ணுக்கு இருபது, இருபத்திரண்டு வயதிருக்கும். முதல் ஒன்பது பாட்டும் ராஜா பாட்டு, ஒவ்வொன்றுக்கும் விசில் பறந்தது. பத்தாவதாக ரகுமான் பாட்டு ஒன்றை எடுத்தார். பல்லவி முடிவதற்குள் தண்ணீர் பாட்டில் ஒன்று பறந்துவந்து ஸ்பீக்கர் பெட்டியில் விழுந்தது. “மலையாளத்துக்காரிக்கு ராஜா பாட்டோட நிறுத்திக்கிடத் தெரியாதா?” என்று ஒரு குரல். “ஆஃப் பண்ணுங்கண்ணே” என்று இன்னொரு குரல், என்னைப் பார்த்து.

மைக் செட் என்னுடையது. மிக்சரில் கை வைத்திருந்தவனும் நான்தான். அந்தப் பெண்ணின் மைக்கை நான் இறக்கினேன். வாய் அசைகிறது, சத்தம் வரவில்லை. இரண்டு வரி அப்படியே பாடிய பிறகுதான் அவருக்கு விளங்கியது. என் பக்கம் திரும்பினார். கோபப்படவில்லை. வயர் ஏதும் கழன்றுவிட்டதா என்று கேட்பதுபோல மைக்கை விரலால் தட்டிக் காட்டினார். நான் குனிந்துகொண்டேன்.

அன்று பாட்டில் எறிந்த தம்பிகளைக் குறை சொல்ல எனக்கு வாய் கிடையாது. உங்கள் வயதில் நான் அதைவிடத் தீவிரமாக இருந்தவன். அதைத்தான் உங்களிடம் சொல்ல வேண்டும்.

1989இல், பதினைந்து வயதில், கம்பத்தில் ஒரு ரெக்கார்டிங் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். உங்களில் பலர் அப்படிப்பட்ட கடையைப் பார்த்திருக்க மாட்டீர்கள். சுவர் முழுக்க எல்.பி. ரெக்கார்டு, நடுவில் டபுள் டெக், மேசையில் பஞ்சும் ஸ்பிரிட்டும். ஒரு தாளில் பாட்டுப் பட்டியல் எழுதிக்கொண்டு வருவார்கள். அறுபது நிமிசக் கேசட் என்றால் பக்கத்துக்கு ஆறு பாட்டு, சின்னப் பாட்டாக இருந்தால் ஏழு. நாலு நாள் கழித்து வந்து வாங்கிப் போவார்கள். பக்கம் முடிகிற இடத்தில் ஒரு நிமிசம் மிஞ்சினால் அதில் ஏதாவது ஒரு பின்னணி இசைத் துண்டை நானாகச் சேர்த்துவிடுவேன். அதைக் கேட்டுவிட்டு, “கடைசியில ஒண்ணு போட்டிருந்தியே, அது எதுல வருது?” என்று கேட்டு வருகிறவர்கள் எனக்குச் சொந்தக்காரர்கள் மாதிரி.

ஆயிரக்கணக்கான பட்டியல்களைப் பார்த்திருக்கிறேன். ஒன்று மாதிரி இன்னொன்று இருந்ததில்லை. அண்ணன் தம்பி இரண்டு பேர் ஒரே வீட்டிலிருந்து வந்தாலும் பாட்டு வேறு வேறாக இருக்கும். ஆனால் சில பட்டியல்களின் அடியில் சிவப்பு மையில் ஒரு வரி எழுதியிருப்பார்கள்: ‘இன்னாருடைய பாட்டு வேண்டாம்.’ கோடு போட்டு, இரண்டு முறை அழுத்தி. அந்த வரி மட்டும், சேர்ந்து திரிகிற பையன்கள் எல்லோருக்கும் ஒன்றாகவே இருந்தது. பாலத்தடிப் பையன்களுக்கு ஒருவர் வேண்டாம், பஸ் ஸ்டாண்டுப் பையன்களுக்கு இன்னொருவர் வேண்டாம். பிடித்தது ஆளுக்கொன்றாக இருந்தது, பிடிக்காதது கூட்டத்துக்கு ஒன்றாக இருந்தது. எனக்கு இது புரியப் பல வருசம் ஆயிற்று. ஒரு பாட்டைப் பிடிக்கும் என்று சொன்னால் நாம் தனியாக நிற்க நேரும். பிடிக்காது என்று சொன்னால் உடனே பெஞ்சில் இடம் கிடைக்கும்.

1992இல் ‘ரோஜா’ வந்தது. எனக்குப் பதினெட்டு வயது. கடை வாசலில் சிலேட்டு மாட்டினேன்: ‘இங்கே ராஜா பாட்டு மட்டும்.’ முதலாளி திட்டினார், நான் கேட்கவில்லை. பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் பண்ணைப்புரம். அவர் பிறந்த மண்ணில் உட்கார்ந்துகொண்டு இன்னொருவருடைய பாட்டை ஏற்றித் தருவது துரோகம் என்றே நம்பினேன். “மெசினு பாட்டு, உசுரே இல்ல” என்பேன். ஒரு நாளைக்குப் பத்துப் பேரிடமாவது சொல்வேன்.

ராத்திரி கடையை அடைத்த பிறகு, ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, ஹெட்போன் மாட்டிக்கொண்டு அதே கேசட்டைக் கேட்டேன். ஒரு நாள் இல்லை, பல நாள். அடியில் ஒரு கனமான ஒலி, அதற்கு மேலே ரொம்பத் தூரத்தில் கண்ணாடி வளையல் குலுங்குகிற மாதிரி ஒன்று, நடுவில் ஏராளமான வெற்றிடம். அதுவரை அப்படியொரு வெற்றிடத்தை நான் பாட்டில் கேட்டதில்லை. பிடித்திருந்தது. காலையில் மறுபடியும் சிலேட்டைத் துடைத்து அதே வரியைப் புதிதாக எழுதுவேன். காது ஒரு கட்சியிலும் வாய் ஒரு கட்சியிலுமாகக் கிட்டத்தட்ட ஏழெட்டு வருசம் இருந்தேன்.

அந்த வெறுப்புக்குள் என்ன இருந்தது என்று இப்போது பிரித்துப் பார்க்க முடிகிறது. ஒன்று, பிழைப்பு. ரோஜாவுக்குப் பிறகு கேசட்டை முழுசாகக் கம்பெனி அட்டையோடு வாங்கிப் போனார்கள், தாளில் பட்டியல் எழுதி வருகிறவர்கள் எங்கள் கடையில் குறைந்தார்கள். இன்னொன்று, என் அப்பா. அவர் வீட்டில் சிரித்துப் பேசியது ராஜா பாட்டு ஓடும்போது மட்டும்தான். அந்தப் பாட்டுக்கு மேல் இன்னொன்றை வைத்தால் அவரையே கீழே இறக்கிவிடுவதுபோல இருந்தது. ரகுமான் பாட்டுக்கும் இந்த இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. (அதே ரகுமான் முன்பு ராஜாவின் குழுவில் கீபோர்டு வாசித்தவர் என்பது எனக்கு அப்போதே தெரியும். வசதியாக மறந்திருந்தேன்.)

தம்பிகளே, உங்கள் தாத்தாக்களிடம் கேட்டுப் பாருங்கள். 1976இல் ‘அன்னக்கிளி’ வந்தபோது இந்தப் பள்ளத்தாக்கில் எல்லோரும் ராஜாவைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டாடவில்லை. மெல்லிசை மன்னரின் ரசிகர்கள், “இது காட்டுப் பாட்டு, நடவுப் பாட்டு” என்றார்கள். அதுவாவது ரசனைச் சண்டை. சில வீடுகளில் ராஜா பாட்டு ஓடாததற்கு வேறு காரணம் இருந்தது. அதை இங்கே எழுத எனக்குக் கூசுகிறது, தெருப் பேரைச் சொன்னால் உங்களுக்கே விளங்கும். அந்த வெறுப்பு காதில் தொடங்கவில்லை. அப்படி வெறுத்த வீட்டுப் பிள்ளைகள்தான் இன்று கையில் ராஜா படத்தைப் பச்சை குத்தியிருக்கிறார்கள். பார்க்கச் சந்தோசமாக இருக்கிறது. அந்தத் தாத்தாக்கள் கமிட்டியில் இருந்து அன்றைக்கு ஒரு நோட்டீஸ் அடித்திருந்தால், மேடையில் ஏறவிடாமல் தடுக்கப்பட்டிருப்பது யார்?

வெளி மாநிலம் என்ற பேச்சையும் விட்டுவிட முடியவில்லை. மெல்லிசை மன்னர் விஸ்வநாதன் 1928இல் பிறந்த ஊர் பாலக்காட்டுப் பக்கம் எலப்புள்ளி. யேசுதாஸ் கொச்சிக்காரர், சித்ரா திருவனந்தபுரத்துக்காரர். ஜானகியும் பாலசுப்ரமணியமும் தெலுங்கு பேசி வளர்ந்தவர்கள். இந்த நாலு குரலை எடுத்துவிட்டு நீங்கள் எந்த ராஜா பாட்டைப் பாடப் போகிறீர்கள்? அவர் வாங்கிய முதல் மூன்று தேசிய விருதுகளில் இரண்டு தெலுங்குப் படங்களுக்குக் கிடைத்தவை. 1958இல் தேவிகுளம் இடைத்தேர்தலுக்காக மலையேறிப் போய்த் தோட்டத்து ஜனங்களிடம் பாடியவர் ராஜாவின் அண்ணன் பாவலர் வரதராசன். அந்த அண்ணனோடு ஊர் ஊராகப் போய்த்தான் ராஜா மேடைக்குப் பழகினார். இந்த மலைக்கு அந்தப் பக்கம் இல்லாமல் நம் ராஜா கிடையாது.

இனி என் அத்தையைப் பற்றி.

அத்தை முப்பது வருசம் வண்டன்மேட்டுப் பக்கம் ஏலத்தோட்டத்துக்குப் போனவர். விடிவதற்குள் ஜீப்பு வந்துவிடும். தூக்குவாளியோடு ஏறி, கம்பம்மெட்டு வழியாக மேலே போய், செடியின் தூரடியில் நாள் முழுக்கக் குந்திக் காய் எடுத்துவிட்டு, பொழுது இறங்கத் திரும்பி வருவார். தோட்டத்தில் வேலை நடக்கிற இடத்தில் எப்போதும் ஒரு ரேடியோ பாடும். ஆகாசவாணியில் பாதி மலையாளம், பாதி தமிழ், காற்றுத் திரும்பினால் கோடைப் பண்பலை. அத்தைக்கு மலையாளம் எழுதத் தெரியாது, பேச வரும், பாட்டு நன்றாகவே வரும். அதில் ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டேதான் வீட்டில் எல்லா வேலையும் செய்வார். மாவாட்டும்போது ஒரு வேகம், பூக் கட்டும்போது ஒரு வேகம்.

2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு விவகாரம் முற்றியது. ஜீப்புகள் நின்றன. இங்கிருந்து ஆயிரக்கணக்கில் குமுளியை நோக்கி நடந்தோம், நானும் நடந்தேன். அணைத் தண்ணீரில் நமக்கு உள்ள உரிமையைப் பற்றி எனக்கு அன்றும் சந்தேகம் இல்லை, இன்றும் இல்லை. அந்த நாட்களில் ஒரு சாயங்காலம் அத்தை திண்ணையில் உட்கார்ந்து பூக் கட்டிக்கொண்டு அந்தப் பாட்டை முணுமுணுத்தார். தெருவில் போன பையன் ஒருவன் நின்று, “அத்த, ஊரே அவனுகளோட மல்லுக்கட்டுது, நீ அவனுக பாட்டப் பாடிக்கிட்டிருக்கியா?” என்றான். மரியாதை இல்லாமல் பேசவில்லை, வருத்தமாகத்தான் கேட்டான். அத்தை உடனே நிறுத்திவிட்டார். பூவை அப்படியே மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். எழுந்து உள்ளே போய்விட்டார்.

அந்தப் பாட்டு ‘ஓளங்கள்’ என்ற மலையாளப் படத்தில் வருவது. 1982இல் பாலு மகேந்திரா எடுத்த படம். பாடியவர் ஜானகி. இசை இளையராஜா. அதே மெட்டு தமிழிலும் உண்டு, நீங்கள் எல்லோரும் மனப்பாடமாகப் பாடுவீர்கள். அத்தைக்கு அது தெரியாது, அந்தப் பையனுக்கும் தெரியாது. திண்ணையின் இன்னொரு முனையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த எனக்குத் தெரியும். எத்தனை கேசட்டில் அதை ஏற்றிக் கொடுத்தவன் நான்! ஊரே ஒரு பக்கம் நிற்கும்போது எதற்கு என்று வாய் திறக்காமல் இருந்துவிட்டேன்.

அந்தப் பாட்டு ராஜாவுடையது இல்லை என்றாலும் அத்தை அதைப் பாடலாம். முப்பது வருசம் காய் எடுத்த கையோடு ஒட்டி வந்த பாட்டு அவருடையது. ஜீப்புகள் மறுபடி ஓடத் தொடங்கின, அத்தை மறுபடி தோட்டத்துக்குப் போனார். திண்ணையில் மட்டும் அவர் பாடி நான் கேட்கவில்லை. கேட்டால், “மறந்துபோச்சுப்பா” என்கிறார்.

எல்லாப் பாட்டையும் எல்லோரும் ரசிக்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. எனக்கும் பிடிக்காதது நிறைய உண்டு. விடியக்காலை ஐந்து மணிக்குக் குழாய் ஸ்பீக்கரில் குத்துப்பாட்டுத் தாளத்தில் வருகிற அம்மன் பாட்டு எனக்கு ஆகாது, போடச் சொன்னால் முடியாது என்றே சொல்லிவிடுவேன். ரகுமான் பாட்டில்கூட எல்லாம் பிடிக்கும் என்று சொல்ல மாட்டேன். சொல்லப்போனால், அன்றைக்கு “உசுரில்லை” என்று சண்டை போட்டதில்தான் ராஜா பாட்டில் உயிர் எங்கே இருக்கிறது என்று தேடினேன். வயலின் கூட்டம் எந்த இடத்தில் மூச்சு வாங்குகிறது, பேஸ் கிடார் எப்படித் தனியாக ஒரு பாட்டுப் பாடிக்கொண்டு போகிறது என்றெல்லாம் அந்தச் சண்டைக்காகத்தான் கவனித்தேன். பிடிக்காததைக் கேட்டுப் பார்த்து, எதனால் பிடிக்கவில்லை என்று சொல்கிறவனை எனக்கு மிகவும் பிடிக்கும். போன வருசம் பாட்டில் எறிந்தவர்கள் அந்தப் பாட்டைக் கேட்கவே இல்லை. பல்லவிகூட முடியவில்லையே.

இன்னொன்று, பெரியவர்களுக்கு. பதினைந்திலிருந்து இருபத்தைந்து வயதுக்குள் காதில் விழுந்த பாட்டு நம்மோடு கடைசிவரை வரும். உங்களுக்கு அந்த வயதில் ராஜா. நம் பிள்ளைகளில் பலருக்கு யுவன், அனிருத். அவர்களில் எத்தனை பேர் இந்த ஊரில் ராஜா பாட்டை மட்டும் வெளியே சொல்லிவிட்டு, ராத்திரி ஹெட்போனில் வேறு ஒன்றைக் கேட்கிறார்களோ! என் ஏழெட்டு வருசம் அவர்களுக்கு வேண்டாம்.

ஆகவே நான் கேட்பது இது. நோட்டீசில் அந்த வரியை எடுத்துவிடுங்கள். கச்சேரியில் முக்கால்வாசி ராஜா பாட்டாகவே இருக்கட்டும், நம் ஊரில் அதுதான் இயல்பு, எனக்கும் அதுதான் ஆசை. கட்டப்பனைக் குழுவை மறுபடி கூப்பிடுங்கள். அந்தப் பெண்ணிடம் நின்றுபோன பாட்டைப் பல்லவியிலிருந்து பாடச் சொல்லுங்கள். பிடிக்காதவர்கள் எழுந்து போய் டீ குடித்துவிட்டு வரட்டும். இந்த வருசம் மைக் செட்டுக்கு எனக்கு வாடகை வேண்டாம், அந்தப் பணத்தைக் குழுவின் வண்டிச் செலவுக்குக் கொடுங்கள். மிக்சரில் நானே உட்காருவேன். யார் எவ்வளவு சத்தம் போட்டாலும் அவர் மைக்கில் கை வைக்க மாட்டேன். பாட்டு முடிந்ததும் போய் மன்னிப்புக் கேட்பேன்.

அந்த மலையாளப் பாட்டையும் அவரிடம் கேட்டிருக்கிறேன், பாடுவதாகச் சொன்னார். அத்தைக்கு எழுபது தாண்டிவிட்டது, தரையில் உட்கார முடியாது. முன்வரிசையில் ஒரு நாற்காலி போட்டு வைத்தால் போதும். வெள்ளிக்கிழமை நோட்டீஸ் அச்சுக்குப் போகிறது என்று கேள்விப்பட்டேன். வியாழக்கிழமை ராத்திரிக்குள் ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள், நானே பிரஸ்ஸுக்குப் போய்த் திருத்தி வாங்கி வருகிறேன்.

இப்படிக்கு,
பழைய ரெக்கார்டிங் கடைக்காரன்