சைக்கிளுக்கு நம்பர் இல்லையே, சார்: கொடைக்கானல் மலைப்பாதைகளை நிர்வகிப்போருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். கொடைக்கானல் மலையின் காட்டுப்பாதைகளும் சாலைகளும் சுற்றுலாவும் தங்களில் யார் யார் பொறுப்பில் இருக்கின்றன என்பது எங்களுக்கு இன்றுவரை தெளிவாகவில்லை. தனித்தனியே அனுப்பிய மூன்று விண்ணப்பங்களில் இரண்டுக்கு, இது எங்கள் வரம்பில் வராது என்று பதில் வந்தது. மூன்றாவதற்கு அந்தப் பதிலும் வரவில்லை. ஆகவே, அனைவருக்கும் பொதுவாக இம்மடலை எழுதுகிறேன். கோரிக்கை சிறியது. மோட்டார் வண்டி ஓடாத பழைய கூப்பு ரோடுகளில், அதாவது வெட்டிய மரங்களை இறக்கக் காட்டுக்குள் போட்ட மண்பாதைகளில், இரண்டையோ மூன்றையோ, தாங்கள் குறிக்கும் நாட்களில், தாங்கள் குறிக்கும் நேரத்தில், மிதிவண்டிகளுக்குத் திறந்துவிட வேண்டும்.

மலைச் சாலைகளின் நெரிசலைப் பற்றித் தங்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 2024 மே மாதத்தில் உயர் நீதிமன்றத்தின் உத்தரவால், மலைக்கு வரும் வாகனங்கள் இணையத்தில் பதிந்து பெற வேண்டிய இ-பாஸ் வந்ததும், மறு ஆண்டு கோடையில் வார நாட்களுக்கு 4,000, வார இறுதிக்கு 6,000 வாகனங்கள் என்று வரம்பு விதிக்கப்பட்டதும் தாங்கள் அறிந்தவையே. அந்த ஆறாயிரத்துக்கு இடையில் ஒரு சைக்கிள் எப்படிப் போகிறது என்பதை மட்டும் சொல்ல அனுமதியுங்கள்.

சென்ற கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பது மணியளவில், நாங்கள் நால்வர் பக்கத்து மலைக்கிராமமான பூம்பாறையிலிருந்து கொடைக்கானலை நோக்கி ஏறிக்கொண்டிருந்தோம். முன்னால் சென்றவர் எங்கள் குழுவில் உள்ள பள்ளி ஆசிரியை. இருபது ஆண்டுகளாக இம்மலையில் சைக்கிள் ஓட்டுபவர். ஒரு வளைவில், பூண்டு மூட்டை ஏற்றிய மினி லாரியை முந்த முயன்ற சுற்றுலா வேன் ஒன்றின் பக்கக் கண்ணாடி அவருடைய ஹேண்டில்பாரின் நுனியைத் தொட்டது. இடித்தது என்றுகூடச் சொல்ல முடியாது, தொட்டது, அவ்வளவுதான். ஏற்றத்தில் மணிக்கு எட்டு கிலோமீட்டர் வேகத்தில் போகும் சைக்கிளைச் சாய்க்க அது போதும். அவர் இடப்புறம் கருங்கல் பதித்த வடிகாலுக்குள் விழுந்தார். காறை எலும்பு முறிந்தது. வேன் நிற்கவில்லை, நிற்பதற்கு அங்கே இடமும் இல்லை. ஆம்புலன்ஸ் வந்து சேர ஒரு மணி ஐம்பது நிமிடம் ஆயிற்று, ஏனெனில் அதுவும் அதே வாகன வரிசையில்தான் நின்று நின்று வர வேண்டியிருந்தது. அதுவரை துண்டால் கட்டிய கையோடு அவர் வடிகாலின் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். ஊர்ந்து சென்ற காரொன்றின் கண்ணாடி இறங்கியது, உள்ளேயிருந்த பெண்மணி உண்மையான கரிசனத்தோடு, "இந்த ரோட்டுல எதுக்கும்மா சைக்கிள்?" என்று கேட்டார்.

அதே கேள்வியைத்தான் நானும் தங்களிடம் கேட்கிறேன். இந்தச் சாலையில் எதற்கு? அவர் விழுந்த இடத்துக்கு முப்பது அடி மேலே, பைன் மரங்களுக்கு நடுவே, சாலையின் போக்கிலேயே ஒரு கூப்பு ரோடு போகிறது. மரம் ஏற்றிய லாரிகளுக்காக வெட்டியது என்பதால் அதன் ஏற்றம் சீரானது. மழை அரித்த இடங்களில் கப்பிக்கல் தெரியும். மற்ற இடங்களில் பைன் ஊசிகள் இரண்டு விரல் கனத்துக்கு உதிர்ந்து கிடக்கும். 40 மி.மீ. அகலமுள்ள டயர் மாட்டிய, மண்பாதைக்கென்றே செய்த கிராவல் சைக்கிளுக்கு அதைவிட நல்ல பாதையை யாரும் புதிதாகப் போட்டுத்தர முடியாது. அதன் வாயிலில் ஒரு சங்கிலி, அதில் ஒரு பூட்டு. சங்கிலிக்கு அப்பால் ஈர மண்ணில் ஜீப்பின் டயர்த் தடம் மட்டும் புதிதாக இருந்தது.

முறையாக அனுமதி கேட்டுப் பார்க்கவில்லையா என்று தாங்கள் கேட்கலாம். கேட்டோம். இன்னொரு நாள் ஒரு சோதனைச் சாவடியில் அதிகாலையிலேயே போய் நின்றோம். அனுமதிச் சீட்டோடு வந்த கார்கள் ஒவ்வொன்றாக உள்ளே சென்றன. எங்கள் முறை வந்தபோது, பணியில் இருந்தவர் மிகுந்த மரியாதையோடு, "சீட்டுல வண்டி நம்பர் எழுதணும் சார். சைக்கிளுக்கு நம்பர் இல்லையே" என்றார். அவர்மேல் எனக்குச் சிறிதும் வருத்தமில்லை. படிவத்தில் இல்லாத கட்டத்தை அவர் எங்கிருந்து கொண்டுவருவார்? ஆனால் புகையும் இரைச்சலும் கொண்ட வண்டி காட்டுக்குள் போகலாம், இரண்டும் இல்லாத வண்டி போகக் கூடாது என்ற நிலையை உண்டாக்கிய படிவத்தை வடிவமைத்தவர் யாராயினும், அவரை ஒரு முறை சந்திக்க விரும்புகிறேன்.

காட்டைப் பற்றிய தங்கள் கவலைகள் எங்களுக்கும் உண்டு. சோலை எனப்படும் இயற்கையான மலைக்காட்டுக்குள்ளோ புல்வெளியிலோ ஒரு சக்கரமும் உருளக் கூடாது; புல்வெளியில் விழும் டயர்த் தடம் அடுத்த மழையில் ஓடையாகிவிடும் என்பதை நாங்கள் கண்ணால் பார்த்திருக்கிறோம். நாங்கள் கேட்பது பைன், யூகலிப்டஸ், வாட்டில் தோட்டங்களுக்குள் ஏற்கெனவே கிடக்கும் பாதைகளை மட்டுமே. காட்டுமாடுகள் விஷயத்தில், சைக்கிள் சத்தமில்லாமல் வருவதே ஓர் ஆபத்து என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். வளைவுக்கு அப்பால் மேயும் காட்டுமாடு ஜீப்பின் இரைச்சலைக் கேட்டு முன்னதாகவே ஒதுங்கிவிடும். சைக்கிளையோ பத்தடிக்குள் வந்த பிறகுதான் நிமிர்ந்து பார்க்கும். எனவே மணி கட்டாயம் என்று விதியுங்கள். எட்டுப் பேருக்கு மேல் ஒரு குழுவில் கூடாது என்று சொல்லுங்கள். பக்கத்து ஊர்க்காரர் ஒருவரை வழிகாட்டியாக முன்னே அனுப்பி, அவருக்கான கூலியை எங்களிடம் வாங்கிக்கொள்ளுங்கள். தீக்காலத்தில் முழுவதுமாக மூடிவிடுங்கள்; 2018 மார்ச்சில் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இறந்ததை நாங்கள் மறக்கவில்லை. பிற்பகலில் மூடுபனி இறங்குவதற்கு முன், பதினொரு மணிக்கே எங்களை வெளியேற்றிவிட்டாலும் சம்மதம்.

இவற்றில் எதுவும் புதுமையன்று. 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் 28ஆம் பிரிவு, சரணாலயத்துக்குள் சுற்றுலாவுக்காகவும் நுழைவு அனுமதி வழங்க இடம் தருகிறது. 2024 அக்டோபரில் தமிழகம் முழுவதும் 40 மலையேற்றப் பாதைகள், இணையப் பதிவும் உள்ளூர் வழிகாட்டியுமாகத் திறக்கப்பட்டன. நடப்பவருக்குச் செய்த அந்த ஏற்பாட்டைத்தான் மிதிப்பவருக்கும் செய்யுங்கள் என்கிறோம். காட்டுக்குள் இருக்கும் பேரிஜம் ஏரிக்கு அப்பால் மூணாறு வரை போன பழைய சாலையைத் திறக்க வேண்டும் என்று அவ்வப்போது எழும் குரல்களில் எங்கள் குரல் இல்லை. அது கார்களுக்குத் திறக்கப்படுமானால் முதலில் எதிர்த்து நிற்பவர்கள் நாங்களாகத்தான் இருப்போம்.

"ஏரியைச் சுற்றி ஓட்டலாமே?" என்று ஒருவர் அன்போடு ஆலோசனை சொன்னார். 1863இல் அன்றைய மதுரை ஆட்சியர் லெவிஞ் அமைத்த ஏரி அது. சுற்றுச் சாலை ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர். சீசன் நாட்களில் அச்சாலையில் வாடகைச் சைக்கிள்கள், குதிரைகள், வழிதவறிய கார்கள், நடுச்சாலையில் நின்று படம் எடுப்போர், சோளக்கதிர்த் தணலின் புகை ஆகிய எல்லாவற்றுக்கும் இடம் உண்டு. ஓட்டுவதற்கு மட்டும்தான் இல்லை. ஆண்டுதோறும் எங்காவது ஒரு மேட்டைச் சமன்செய்து கைப்பிடிக் கம்பி நட்டு, வாகன நிறுத்துமிடம் அமைத்து, அதற்குக் காட்சிமுனை என்று பெயர் வைக்கிறோம். மேலே வரும் வண்டிகளைக் குறைக்க ஒரு கையால் பாஸ் கொடுத்துவிட்டு, மறு கையால் அவற்றை நிறுத்த இடம் கட்டிக்கொண்டிருக்கிறோம். இந்த இரண்டு கைகளும் ஒரே உடம்பைச் சேர்ந்தவையா என்ற ஐயம் எனக்கு அடிக்கடி எழுகிறது. பேச்சு எங்கோ போய்விட்டது, பொறுத்தருள்க.

எங்கள் கோரிக்கைக்கு நிதி ஒதுக்கீடு தேவையில்லை. ஒப்பந்தப்புள்ளியும் வேண்டாம். குறிப்பாக, எங்கள்மேல் பரிவுகொண்டு யாரும் அந்தப் பாதைகளுக்குத் தார் போட்டுவிட வேண்டாம். தார் போட்ட ஆறாம் மாதம் அங்கேயும் வேன் வந்துவிடும். இரண்டோ மூன்றோ கூப்பு ரோடுகள், வாரத்தில் இரண்டு காலைகள், சீட்டில் வண்டி எண்ணுக்குப் பதிலாக ஓட்டுபவரின் பெயரை எழுத ஒரு கட்டம். சோதனை முயற்சியாக ஓராண்டு பாருங்கள். காட்டுக்கு அதனால் கேடு என்று தங்கள் களப்பணியாளர்கள் எழுதினால் மறுநாளே மூடிவிடுங்கள்.

ஆசிரியையின் எலும்பு கூடிவிட்டது. சைக்கிள் அவர் வீட்டுத் தாழ்வாரத்தில் மாட்டியிருக்கிறது. அந்தச் சாலையில் அதை இனி எடுப்பதில்லை என்று சொல்லிவிட்டார். தங்களில் யாரேனும் ஒருவர், வசதிப்படும் ஒரு காலையில், அந்தப் பைன் தோட்டப் பாதையை எங்களோடு நடந்தே பார்க்க வர வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். ஆசிரியையையும் அழைத்து வருகிறோம். பூட்டின் சாவியை மட்டும் மறவாமல் கொண்டுவரவும்.

தங்கள் உண்மையுள்ள,
கொடைக்கானலில் சைக்கிள் ஓட்டும் ஒருவன்